நாற்பத்து மூன்றாம் வருடத்து மழை

பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெய்த மழையை முப்பது வருடம் அளந்தவர் மூக்கன். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை என்று, பிறந்ததும் மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைத்தார்களாம். பெயருக்கேற்ற மூக்கும் இருந்தது. பேச்சுத்தான் கிடையாது. இரண்டு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும், அதுவும் "ஆமாங்க" என்பதாக இருக்கும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு கலைந்ததும் அவர் மேல்மலைக்கு ஏறுவார். ஓடையைத் தாண்டினால் ஒரு சின்னத் திட்டு, அதில் செம்பில் செய்த மழைமானி. அதில் தேங்கிய தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் இருக்கும் மழைப் புத்தகத்தில் இத்தனை அங்குலம் என்று எழுதுவார். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஸ்டோரில் கொழுந்துச் சாக்கு தூக்கும் வேலை. எழுத்துத் தெரியாது, எண்களை மட்டும் முத்து முத்தாக எழுதுவார். துரைமார் நாலு பேர் மாறினார்கள், புத்தகத்தில் கையெழுத்து மாறவில்லை.

நான் ஐவி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு வாய் அதிகம் என்று கந்தோரில் கணக்கெழுதும் ஐயாமார் முதல், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் வரை எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். அந்த வாய் திறக்க வேண்டிய ஒருநாள் திறக்காமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஐம்பத்தோராம் வருடம் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எங்கள் சனம் மனுப் போட்டது. லயத்தில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். நாற்பத்தாறுக்கு முன் ஏழு வருடம் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டும், இடையில் ஒரு வருடத்துக்கு மேல் விட்டுப் போயிருக்கக் கூடாது. இங்கேயே பிறந்து இங்கேயே முதுகு வளைந்தவர்களிடம் போய், நீ இங்கேதான் இருந்தாயா என்று கேட்டால் எங்கே போவார்கள் காகிதத்துக்கு? தோட்டம் கைமாறியபோது ஆள்வரவு எழுதும் பழைய செக்ரோல் புத்தகங்களை அடுப்பில் போட்டுவிட்டார்கள். மூக்கனிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை.

அப்போதுதான் எனக்கு மழைப் புத்தகம் நினைவுக்கு வந்தது. தினமும் ஒரு வரி, அவர் கையாலேயே. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கந்தோரில் சண்டை போட்டுப் பழைய புத்தகங்களை வாங்கி, மனுவில் அவற்றைச் சாட்சியாக எழுதினேன். ஏதோ நானே வக்கீல் ஆகிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட ஆறு வருடம் ஆயிற்று. அதற்கு முந்தின வருடம் மரங்களை ஆராயும் வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். பங்களா ரோட்டில் இருந்த கிழட்டு சைப்ரஸ் மரங்களில் ஒரு திருகுக் குழாயை முடுக்கி, பென்சில் தடிமனில் மரத்தின் உள்பகுதியை உருவி எடுப்பார். அதில் வரிவரியாக வளையங்கள். மொழிபெயர்க்கத் துரை என்னை அனுப்பியிருந்தார். நல்ல மழை பெய்த வருடம் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட வருடம் நூலாக மெலியும் என்று அவர் விளக்கினார். மழையை யாரும் அளக்காத காலத்து மழையைக்கூட மரத்தைப் பார்த்துச் சொல்லலாமாம். இந்தப் பக்கத்து மரங்களில் வளையம் ஒழுங்காக விழுவதில்லை, இந்த மரங்களை நம்பலாமா என்று தெரிய ஒரு மழைக் கணக்கு இருந்தால் நல்லது என்றார்.

"எங்களிடம் இருக்கிறதே!" என்றேன். கேட்பதற்கு முன்பே.

மூன்று நாள் உட்கார்ந்து வளையத்தையும் புத்தகத்தையும் ஒப்பிட்டார். வருடத்துக்கு வருடம் பொருந்தி வந்தது. மனிதர் மூக்கனின் கையைக் குலுக்கிப் பாராட்டினார். நாற்பத்து மூன்றில் மட்டும் இடித்தது. மரத்தில் மயிரிழை போல ஒரு வளையம். புத்தகத்திலோ நல்ல மழை. அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாற்பத்து மூன்று ஜனவரி தொடங்கிப் பதினாலு மாதத்துக்கு, நாளுக்கு நாள், அதற்கு முந்தின வருடத்து எண்கள் அப்படியே இருந்தன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், ஓரத்தில் மையால் ஆங்கிலத்தில் எழுதினார்: இந்தப் பதினாலு மாதம் அளக்கப்படவில்லை, முந்தின வருடத்தைப் பார்த்து எழுதியது.

அன்று சாயந்திரமே மூக்கனைப் பிடித்துக் கேட்டேன். அப்போது அவர் பேசியதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு.

"எனக்கும் காளியாயிக்கும் ஒரு பொம்பளப்புள்ள இருந்துச்சுங்க, அழகம்மான்னு. அஞ்சு வயசு. மழை அளக்கப் போறப்ப பின்னாலயே வரும். நாப்பத்திரெண்டு கடைசியில ஓடையில தண்ணி கூடிக் கெடந்துச்சு. நான் முன்னால தாண்டிட்டேன். திரும்பிப் பாத்தா புள்ளயக் காணோம். அப்பறம் அந்த ஓடையத் தாண்ட முடியலீங்க. ஸ்டோருக்குப் பின்னால குந்தியிருந்துட்டு, போன வருசத்தப் பாத்து எழுதிருவேன். புதுத் தொரை வந்து கூடவே ஏறுனப்பதான் மறுபடி போனேன்."

"இதை அப்படியே விசாரணையில் சொல்லுங்கள் மூக்கண்ணே. இங்கேதான் இருந்தீர்கள் என்று தெரிந்துவிடும்."

"காளியாயிக்குத் தெரியாதுங்க. தெனமும் காலையில சின்ன ரொட்டி ஒண்ணு சுட்டுக் குடுப்பா, புள்ள விழுந்த கல்லுல வச்சுட்டு வரச் சொல்லி. நான் அதக் காக்காய்க்குப் போட்டேன். பதினாலு மாசம் புள்ளய அங்க ஒத்தயா விட்டுட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. நீங்களும் சொல்லிராதீங்க, டீச்சரம்மா."

சொல்லமாட்டேன் என்றேன். காளியாயியை வெளியே இருத்திவிட்டு அவரை மட்டும் பேச வைக்கலாம் என்று எனக்குள் ஒரு திட்டம்.

என் திட்டம் மண்ணாய்ப் போயிற்று. நுவரெலியாவில் விசாரணை நடந்த அறைக்குள் புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்க, ஒருவர் தமிழில் சொன்னார். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்த அதிகாரி வெள்ளைக்காரரின் குறிப்பில் நின்றார்.

"இந்தப் பதினாலு மாதம் நீ எங்கே இருந்தாய்? இந்தியாவிலா? திரும்பி வந்து மொத்தமாகப் பார்த்து எழுதினாயா?"

மூக்கன் காளியாயியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

காளியாயி முந்திக்கொண்டாள். "இங்கனதாங்க இருந்தாரு! ஒரு நாள் தவறாம மேல்மலைக்குப் போனாருங்க. நான்தான் கையில ரொட்டி குடுத்து அனுப்புவேன், கல்லுல வச்சுட்டு வருவாரு."

"தினமும் போனார் என்றால் போன வருடத்தைப் பார்த்து ஏன் எழுதினார்?" என்றார் அதிகாரி. பொய் சொல்கிறாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு அவள், புருஷன் இங்கேதான் இருந்தான் என்று தலையில் அடித்துச் சொன்னதும் எடுபடவில்லை.

மூன்றடி தள்ளி வாங்குப் பலகையில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்திருந்தேன் என்று இத்தனை நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது மட்டுமில்லை. அந்தப் புத்தகத்தை வெள்ளைக்காரர் கையில் கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூக்கன் முன்னால் நின்றுகொண்டு வந்தார். காளியாயி என் காதருகே குனிந்தாள்.

"அவரு மேல போகலன்னு எனக்கு அப்பவே தெரியுங்க. அந்த மலையில கொழுந்தெடுக்கப் போனப்பல்லாம் கல்லப் பாப்பேன், ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் சுட்டுக் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன். குடுக்காட்டி, தெரிஞ்சுபோச்சுன்னு கூசிப்போவாருல்ல? அதான் அங்கயும் அப்படிச் சொன்னேன். நீங்க அவருகிட்டச் சொல்லிராதீங்க."

அவளுக்கும் சரி என்றேன்.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதத் தவணை இருந்தது. நேரம் பார்த்து இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தேன். சொல்லப் போய் இரண்டு பேருக்கும் ஆகாதவளாகிவிடுவேனோ என்று தள்ளிப்போட்டேன். தவணை போயிற்று. மூக்கன் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் மேலும் ஆறு வருடம் இந்த நாட்டு மழையை அளந்தார். அறுபத்து மூன்றில் நெஞ்சு வலியில் போய்விட்டார்.

மறு வருடம் இந்தியாவும் இந்த நாடும் ஒப்பந்தம் போட்டு, எங்கள் சனத்தை எண்ணிப் பிரித்துக்கொண்டன. இனி அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு லயமெங்கும் நடந்தது. ஒருநாள் காளியாயி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "நான் மட்டும் தனியா எந்த ஊருக்குங்க போறது? அன்னிக்கு அந்த மனுசன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று அழுதாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவர் வாய் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுகை நின்றுவிட்டது. "அப்ப, எனக்குத் தெரியும்னு தெரியாமலே போயிட்டாரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ரெண்டு பக்கமும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நீங்க ஏன் டீச்சரம்மா பேசாம இருந்தீங்க?"

பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். நேரமாவதற்கு முன்பே மணியை அடித்து அவர்களை உள்ளே கூப்பிட்டேன். அவள் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.