அண்ணன் காருக்கு ஏற்ற ஆயில்

பட்டறைகள் வரிசைகட்டி நிற்கும் அந்தத் தெருவில், உதிரிபாகக் கடையின் ஆயில் அலமாரிக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்குக் கையேட்டம்மா என்று பெயர் வைத்தவர்கள் மெக்கானிக்குகள்தான். யார் வந்து எந்த ஆயில் கேட்டாலும், "வண்டியோட கையேடு பாத்தீங்களா?" என்று கேட்காமல் அவள் டப்பாவில் கை வைக்கமாட்டாள். கிண்டலுக்கு வைத்த பெயர் அது. நாளடைவில் கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பதினேழு வருஷத்துக்கு முன்பு பில் அடிக்கும் வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். ஒரு மதியம் கவுன்ட்டர்காரர் லீவு. வந்தவர் பிரேக் ஆயில் கேட்டார். அதே தட்டில், அதே மஞ்சள் மூடியோடு இருந்த ஸ்டியரிங் ஆயிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவரும் வீட்டில் தானே ஊற்றிக்கொண்டார். நாலாம் நாள் திரும்பி வந்து, ஒரு காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பிரேக்கின் ரப்பர் வளையங்கள், தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தன.

"தப்பான ஆயில் பட்டா ரப்பர் இப்படித்தான் ஊதிடுமாம்மா. பிரேக் பிடிச்சது பிடிச்சபடி நின்னுடுச்சு. நல்லவேளை, வாசல்லயே நின்னுது. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு கிளம்பியிருந்தேன்," என்றார் அவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவர் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அப்படியே, "உங்க வண்டியோட புத்தகத்தைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்று கேட்டு வாங்கி, எந்த இடத்தில் எந்த ஆயில் என்று போட்டிருந்த பக்கத்தை முழுக்க ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து கடைக்கு வரும் வண்டிகளின் கையேட்டை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து எழுதினாள். இப்போது பதினொரு நோட்டு ஆகிவிட்டது. கவுன்ட்டர்காரர் வேறு வேலைக்குப் போனபோது முதலாளி யோசிக்கவே இல்லை. "நீயே நில்லும்மா. உன்ன விட்டா இங்க யாருக்குத் தெரியும்?" என்றார்.

ஆனால் வீட்டில் கதை வேறு. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அண்ணன் அவளைவிட எட்டு வயது பெரியவர். அவளுக்கு நாற்பத்தொன்பது வயதாகியும் இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பாசத்துக்குக் குறைவில்லை. அவள் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் லேசாகச் சிரிப்பார். "கேட்ட டப்பாவ எடுத்துக் குடுக்கறதுக்கு எதுக்கு பாப்பா பதினொரு நோட்டு?" என்பார்.

அண்ணனிடம் பத்தொன்பது வயதான கார் ஒன்று இருந்தது. குடும்பமே ஏறி இறங்கிய வண்டி. அதைப் பெரிய பட்டறை ஒன்றில்தான் விடுவார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் வண்டிய உடைக்கக் குடுக்கப் போறாரும்மா. கிளம்பும்போதெல்லாம் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. கியர்பாக்ஸ் போயிடுச்சுன்னு பட்டறையில சொல்லிட்டாங்க. புதுசு போட்டா வண்டி விலையத் தாண்டிடுமாம்."

"எப்பலேருந்து அண்ணி?"

"போன மாசம் சர்வீஸ் விட்டு எடுத்ததுலேருந்துதான்."

கையேட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. சர்வீஸுக்கு முன்னால் நன்றாக ஓடிய கியர்பாக்ஸ், சர்வீஸ் முடிந்த கையோடு ஏன் போகவேண்டும்? "நான் வர்றவரைக்கும் வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணன் முகம் வாடியிருந்தது. "நீ எதுக்கு பாப்பா அலையற? அவங்க எல்லாம் பாத்துட்டாங்க."

"பில்லைக் குடு அண்ணா."

பில்லில் 'ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்' என்று இருந்தது. அவள் காரின் டேஷ்போர்டைத் திறந்து, ஒருநாளும் யாரும் புரட்டாத கையேட்டை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து பக்கத்தைக் கண்டுபிடித்தாள்.

"இங்க பாரு. உன் வண்டில இருக்கறது சாதாரண ஆட்டோமேட்டிக் இல்ல. ரெண்டு உருளைக்கு நடுவுல ஒரு இரும்புப் பட்டை ஓடற வகை. பட்டை வழுக்காம பிடிக்கறதுக்குன்னே தனி ஆயில் இருக்கு. அவங்க மத்த வண்டிக்கு ஊத்தறத இதுக்கும் ஊத்தியிருக்காங்க. பட்டை பிடி கிடைக்காம நடுங்குது."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "அப்ப கியர்பாக்ஸ் போகலையா?"

"அது தெரியாது. பட்டை தேஞ்சு போயிருந்தா எந்த ஆயில் ஊத்தியும் பிரயோஜனம் இல்ல. முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. ஆனா உடைக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துடலாம்."

கையோடு கையாக இன்ஜின் ஆயில் அளவுக் கம்பியையும் உருவிப் பார்த்தாள். பசைபோல் கெட்டியாக இறங்கியது. "இது என்ன, இவ்வளவு கெட்டியா?"

"பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லதுன்னு சொன்னாங்க பாப்பா."

"புகை வருதா? நடுவுல ஆயில் குறைஞ்சு ஊத்தியிருக்கியா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு மாத்தணும்? உனக்கு வயசாச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடிய வாங்கிப் போட்டுக்குவியா? காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் மேல வரைக்கும் ஓடணும். இவ்வளவு கெட்டியா இருந்தா நேரமாகும். அதுவரைக்கும் இன்ஜின் காஞ்சு தேயும். புத்தகத்துல போட்டிருக்கறதே போதும்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. தங்கை பேசுவதைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டைக்கான அந்தத் தனி ஆயில் கடையில் இல்லை. வரவழைக்க இரண்டு நாள் ஆனது. கடைக்கு எதிர்ப் பட்டறையில் ஒல்லி என்கிற மெக்கானிக் இருந்தார். அவரிடம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கியர்பாக்ஸைத் திறந்தால் பாதி ஆயில்தான் வடியும், மீதி உள்ளேயே தங்கிவிடும். அதனால் வடித்து, புதிதை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிக்கவேண்டும். ஒல்லி வடித்ததை அவள் ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தாள். பட்டை தேய்ந்த இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முதல் தடவை ஊற்றியதும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் தடவைக்குப் பிறகு மேட்டில் ஏறும்போது மட்டும் லேசாகத் தெரிந்தது. மூன்றாம் தடவை ஊற்றி முடித்ததும் அண்ணன், "ஏறு பாப்பா," என்று முன்கதவைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் மேம்பாலத்துக்கு ஓட்டிப்போய், நடு ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தார். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகர்ந்தது. அப்படியே பாலத்தைத் தாண்டினார். இறங்கியதும் ஓரமாக நிறுத்தினார்.

"முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு, கேள்விய முழுசாப் படிக்காம விடை எழுதாதேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நீ அதத்தான் செய்யறே. நான்தான் உன்ன ஒழுங்காப் படிக்கல," என்றார்.

அவள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரி சரி, வண்டிய எடு. கடையில ஆள் நிக்கும்."

மறுநாள் அவளே பெரிய பட்டறைக்குப் போனாள். சண்டை பிடிக்கவில்லை. அந்த வகை கியர்பாக்ஸ் உள்ள பழைய வண்டிகளையும், ஒவ்வொன்றுக்கும் உரிய ஆயிலையும் எழுதிய தாளை மேற்பார்வையாளர் முன்னால் வைத்தாள். அவர் முதலில் முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க மேடம்," என்றார்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. உடைக்கக் கொடுக்கவிருந்த வண்டியை அண்ணன் அவளுக்கே கொடுத்தார். கிளம்பும் காலையில் மருமகள் கடை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, நீங்க ஒருதரம் பாத்துட்டா எனக்கு தைரியமா இருக்கும்." கையேட்டம்மா பானெட்டைத் திறந்து இன்ஜின், கியர், பிரேக், ஸ்டியரிங் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் என்று ஐந்து திரவத்தையும் பார்த்து, மூடி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. கடையில் முதலாளி, ஒல்லி, இன்னும் நாலைந்து மெக்கானிக்குகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் மருமகள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அத்தை, வந்து சேந்துட்டேன்! முந்நூறு கிலோமீட்டர், ஒரு நடுக்கம் இல்ல. மலைப்பாதையில கூட அலுங்கல. இங்க ஆபீஸ்ல எல்லாரும் இது நிஜமாவே பத்தொன்பது வயசு வண்டியான்னு கேக்கறாங்க. எங்க அத்தை பாத்துக்கற வண்டின்னு சொன்னேன்!"

மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். "ஐயோ, தெரியாம ஸ்பீக்கர்ல கைபட்டுடுச்சு," என்றாள் கையேட்டம்மா. ஆனால் அணைக்கவில்லை. "இன்னொருதரம் சொல்லுடி, இங்க சரியாக் கேக்கல," என்று போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.