முப்பது வைகாசிக்கு ஒரு பத்திரம்

திண்டிவனம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியே காலம் தள்ளியவன் நான். என் கையால் எழுதிய பத்திரம் ஒன்றுகூட வில்லங்கமாகி கோர்ட்டுக்குப் போனதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அவற்றிலெல்லாம் சுத்தமான பத்திரம் எது என்று கேட்டால், ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்து ரயில்வே கார்டு ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் காட்டுவேன். நான் செய்த பெரிய தப்பும் அதேதான். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

1. இரண்டு வீடு

அவர் பெயர் வேணுகோபால். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிடையரானவர். பித்தளைப் பொத்தான்களை எடுத்துவிட்டுச் சாதாப் பொத்தான் தைத்த யூனிபாரம் கோட்டோடு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வருசத்துல ஒரே ஒரு மாசம், ரைட்டரே. மத்த பதினோரு மாசம் வூட்டுக்காரன் இன்னா வேணா பண்ணிக்கட்டும். அந்த ஒரு மாசம் மட்டும் வூடு என்னுது. அப்படி எழுத முடியுமா?"

கோயில் பூசைக்கு மாத முறை எழுதியிருக்கிறேன். பங்குக் கிணற்றில் தண்ணீருக்கு நாள் முறை எழுதியிருக்கிறேன். குடியிருக்கிற வீட்டுக்கு முறை எழுதச் சொல்லி வந்தவர் இவர்தான் முதல் ஆள். எனக்கு உடனே கை பரபரத்தது. புதுமாதிரிப் பத்திரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான்.

காரணத்தையும் அவரே சொன்னார். சம்சாரம் தவறிப்போய் நாலு வருஷம். ஒரே மகள், நாகபுரியில் குடித்தனம். மே மாத லீவுக்குப் புருஷன், பிள்ளைகளோடு மெட்ராசில் மாமியார் வீட்டுக்கு வருவாள். விழுப்புரத்துக்கு மட்டும் வர மாட்டாள். "அந்த ஊர்ல பசங்களுக்கு இன்னாப்பா இருக்குது, வெயிலும் ரயில் சத்தமும்தானே" என்பாளாம். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு ஐந்து. நல்ல இடமாக ஒன்று பிடித்துப் போட்டால் வருவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தார். ஒன்று மரக்காணத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில். வாசலில் நின்றால் காலில் அலை வந்து படும் என்றார். வீட்டுக்காரி அஞ்சலை. அவள் மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பவில்லை. "என் புள்ளைக்கு கண்ணாலம் ஆச்சுன்னா வூடு வேணும் சாமி. அதுவரிக்கும் வந்து ராசாவாட்டம் இருங்க" என்றாளாம்.

இன்னொன்று பெருமுக்கல் மலையடியில், ரோட்டை விட்டு உள்ளே இரண்டு மைல், நிலத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. சொந்தக்காரர் துரைசாமி என்கிற விவசாயி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டு வைக்கக் கட்டிய வீடு, வைகாசியில் காலியாகக் கிடக்கும். அவர் முப்பது வருஷத்துக்கு எழுதித் தரத் தயார். எந்த வீடானாலும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய ஒன்றுதான். வேணுகோபால் கையில் இருந்தது ஒரு வீட்டுக்குத்தான் காணும்.

"நீ இன்னா சொல்றே ரைட்டரே?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு குத்தகை வந்தால் முதலில் கேட்பது 'எத்தனை வருஷம்?' அப்புறம் நான்கெல்லை, கிணற்றுப் பாத்தியம், மரப் பாத்தியம். காலம் நீளமாக இருந்தால் பத்திரத்துக்கு ஒரு கெத்து. மூன்று வருஷப் பத்திரம் எழுதுவது எனக்குச் சீட்டுக் கிழிப்பது மாதிரி.

"ஐயா, மூணு வருசம் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போய்டும். அப்புறம் பேத்தியைக் கூட்டிக்கினு எங்க போவீங்க? முப்பது வருசம்னா உங்க வாரிசுக்கும் சேர்த்து எழுதிடறேன். உங்களுக்கு அப்புறமும் பசங்க வருவாங்க."

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பசங்களுக்கு கடலுன்னு காயிதம் போட்டுட்டேனேப்பா."

"மலைமேல ஏறினா கடல் தெரியும்னு துரைசாமியே சொல்றார். மலையும் ஆச்சு, கடலும் ஆச்சு."

துரைசாமி அப்படிச் சொன்னது உண்மை. நான் ஏறிப் பார்த்ததில்லை. வேணுகோபால் கடைசியில் சிரித்தார்.

"முப்பது வருசம் கடைசி பெட்டியில தனியா குந்திக்கினு கொடி ஆட்டினவன் நான். இனிமே முப்பது வருசம் ஆளுங்களோட இருக்கலாம்னு சொல்றே. சரி, எழுது."

பிரமாதமாக எழுதினேன். வைகாசி முதல் தேதி காலை சாவி வாங்குவது, கடைசி நாள் சாயங்காலம் சாவி கொடுப்பது, அந்த மாதம் மல்லாட்டை மூட்டை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்பது வரை. எக்காரணம் கொண்டும் இரு தரப்பும் இடையில் முறிக்கக் கூடாது என்று ஒரு ஷரத்தும் போட்டேன். துரைசாமி பின்னால் மனம் மாறினால் என்ன செய்வது என்று அவ்வளவு முன்யோசனை எனக்கு!

ரிஜிஸ்டர் அன்று சாட்சிக்கு இரண்டு பேரை அழைத்து வரச் சொல்லியிருந்தேன். தனியாக வந்து நின்றார். "விழுப்புரத்துல எனக்கு யாரு இருக்கா ரைட்டரே? எல்லாம் ஓடற வண்டியில பார்த்த மூஞ்சிங்க" என்றார். ஸ்டாம்பு வெண்டரையும் டீக்கடைக்காரரையும் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். அதற்குப் பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

2. கடல் தெரிந்த கதை

முதல் வைகாசிக்கு மகள் வந்தாள். இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். மருமகன் மெட்ராசிலேயே தங்கிவிட்டார். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டு வண்டிக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, வீடு போய்ச் சேர்ந்ததும் மூத்தவன் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, கடல் எங்க?"

அடுத்த நாள் காலையிலேயே மலைக்குக் கூட்டிப்போனார். அக்னி நட்சத்திரத்தில் பாறை எப்படிக் கொதிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். சின்னவளைப் பாதி வழி தூக்கிக்கொண்டே ஏறியிருக்கிறார். மேலே போய்க் கிழக்கே கையைக் காட்டினார். புழுதியும் கானலும்தான் தெரிந்தது. அந்தப் பையன் ரொம்ப நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, தாத்தா மனம் நோகக் கூடாது என்று, "தெரியுது தாத்தா" என்றானாம்.

இதை அவர் பிறகு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் சின்னவளுக்கு உடம்பு சுட்டது. மகள் மூட்டை கட்டிவிட்டாள். அடுத்த வருஷம் பையனுக்குப் பரீட்சை என்று கடிதம் வந்தது. அதற்கடுத்த வருஷம் நாத்தனார் கல்யாணம். அப்புறம் காரணமே எழுதாத கடிதங்கள்.

அவர் மட்டும் தவறவில்லை. வைகாசி முதல் தேதி விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்குவார். பெருமுக்கல் வழியாகப் போகிற மரக்காணம் பஸ் வரும்வரை என் மேஜைக்கு எதிரே அரை மணி நேரம் உட்காருவார். ஒரு டிரங்குப் பெட்டி, அரிசிப் பை, ஒரு சின்ன நோட்டு. வண்டியில் நேரம் குறித்துக் குறித்து வந்த பழக்கம், ரிடையரான பிறகும் எல்லாவற்றையும் மணி போட்டு எழுதுவார்.

"போகாம வுட்டா இன்னா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவ திடீர்னு வந்து நின்னா? பூட்டிக் கிடந்தா திரும்பிப் போய்டுவாளேப்பா."

ஐந்தாம் வருஷமோ ஆறாம் வருஷமோ, சும்மா சொல்வது போல ஒன்று சொன்னார்.

"அந்த அஞ்சலை புள்ளைக்கு இன்னும் கண்ணாலம் ஆவலியாம் ரைட்டரே. வூடு காலியாத்தான் கெடக்குதாம்."

முறிக்கக் கூடாது என்று ஷரத்துப் போட்ட மகானுபாவன் நான்தானே. பணத்தைத் தந்து முறித்துக்கொள்ள முடியுமா என்று துரைசாமியை இரண்டு முறை போய்க் கேட்டேன். "பணத்தை மல்லாட்டை வெரை வாங்கறதுல போட்டுட்டேங்க. நீங்கதானே கெட்டியா எழுதினீங்க" என்றார். அவர் சொன்னதில் குற்றம் இல்லை.

அஞ்சலை பேச்சை எடுத்த அன்று, பஸ் வந்ததும் கார்டு எழுந்தார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "ஞாயித்துக்கெழம உனக்கு ஆபீஸ் இல்லியே. வாயேன். கெணத்துல குளிச்சிட்டு, ஒரு வாய் சாப்ட்டு வரலாம்" என்றார்.

"வேலை பேஜாரா இருக்குது ஐயா. பார்க்கறேன்" என்றேன்.

ஒரு வேலையும் இல்லை. என் சம்சாரம் கல்யாணமான இரண்டாம் வருஷமே பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வராதவள். இதை இந்த ஊரில் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ரூமில் ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனாலும் போகவில்லை. அந்த வீட்டில் அவரை எதிரே வைத்துக்கொண்டு சோறு இறங்காது என்று பயந்தேன்.

3. இருபத்திரண்டு பாக்கி

எட்டு வைகாசி போனார். ஒன்பதாவதற்கு இல்லை. தை மாதம் விழுப்புரத்தில் ரயில்வே ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று ஒரு டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் அவர் மகள் என்னைத் தேடி வந்தாள். மூக்கும் தாடையும் அப்படியே அவர்தான். பாக்கி இருபத்திரண்டு வருஷப் பாத்தியத்தைத் துரைசாமிக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்றாள். துரைசாமியும் ஒப்புக்கொண்டிருந்தார். எழுத ஆரம்பித்தேன்.

பழைய பத்திரத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"கடல் பக்கத்துல ஒரு வீடுன்னு அப்பா முதல்ல எழுதியிருந்தாரே. அது என்னங்க ஆச்சு?"

"அது மூணு வருசத்துக்குத்தான் தரேன்னாங்கம்மா. அதனால நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவள் விரலை மடக்கினாள். "பெரியவனுக்கு ஏழு, எட்டு, ஒன்பது. சின்னவளுக்கு அஞ்சு, ஆறு, ஏழு." மடக்கிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூணு போதுமேங்க. இப்ப அவன் எங்க கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறான். அவனுக்குச் சிநேகிதங்க இருக்காங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்றிலிருந்து என் மேஜைக்குக் குத்தகை என்று யார் வந்தாலும் 'எத்தனை வருஷம்' என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். அங்கே யார் வந்து இருக்கப்போகிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, எப்படி வந்து சேருவார்கள் என்று கேட்பேன். கட்சிக்காரர்கள் சிலர் என்னைக் கிறுக்கன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்திரத்தின் ஆயுசை மட்டும் பார்த்து, அந்தப் பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கப்போகிற காலத்தைப் பார்க்காமல் விட்டவன் நான். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அவள் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தாள்.

"மலையடி வீட்டுல இருந்தது. எங்களுக்காகக் காத்திருந்ததைத்தான் பக்கம் பக்கமா எழுதியிருக்கார். என்னால படிக்க முடியலை. இதுல ஒரு இடத்துல ரைட்டர்னு வருது. நீங்கதானா?"

வாங்கிப் பார்த்தேன். கார்டுகளுக்கே உரிய சாய்ந்த எழுத்து. வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

'காலை 9.20. ரைட்டர் வரலாம். இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.

11.05. வண்டிச் சத்தம். மேற்கே போய்விட்டது.

2.40. சாப்பிட்டேன். மீதிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அடுத்த ஞாயிறு வரலாம்.'

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த ஞாயிறுக்கும் அதே உலை. அதற்கடுத்த ஞாயிறுக்கும்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

"போனீங்களா?" என்று கேட்டாள்.