தூக்கிவிட்டால் உயரும் கை

பாலவனத்தத்தில் எங்களுக்கு மளிகைக்கடை. கோடையில் கிணற்றில் இறைக்கும்போது, சிக்கிய வாளியை வெடுக்கென இழுத்தேன். வலத்தோளில் ஏதோ அறுந்தது. கை எழவில்லை.

நாத்தனார் அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கி, "போகுதுல்ல? வேலைன்னாதான் வலிக்குது" என்றார். கணவரும் தலையாட்டினார். அதன்பின் மாதக்கணக்கில் இடக்கையால் இழுத்து, கயிற்றைக் காலால் மிதித்து இறைத்தேன்.

என் அண்ணன் வந்து சத்தம்போட்டபிறகே கணவர் மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டரும் கையைத் தூக்கினார். ஆனால் பிடியை விட்டார். கை தொப்பென்று விழுந்தது.

"தோள் நாரு அறுந்திருக்கு. அடுத்தவுக தூக்கினா போகும், தானா நிக்காது. இவ்வளவு நாள் என்ன செஞ்சீக?" என்று கணவரைக் கேட்டார்.

ஆபரேஷனில் தைத்தும், தாமதித்ததால் கை காதுக்கு மேலே போகவில்லை.

இப்போது தண்ணீர் இறைப்பது கணவர். நாத்தனார் வந்தால் கூச்சப்படாமல் சீப்பை நீட்டி, என் தலையைப் பின்னிவிடச் சொல்கிறேன். அவருக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் எழுகிறது.