பெரிய மாப்பிள்ளை போட்ட தையல்

பை தைக்கிறவர்கள் மத்தியில் அவருக்குக் கெட்டித்தையல்காரர் என்று பெயர். பை கிழிந்தாலும் கிழியும், அவர் போட்ட தையல் பிரியாது. தைத்ததைப் பிரிப்பது அவருக்கு மானக்கேடு. வெளியாள் யாராவது கடைக்குள் வந்தால் தொழில் ரகசியம் தெரிந்துவிடாமலிருக்க அளவு அட்டைகளையெல்லாம் குப்புறக் கவிழ்த்துவிடுவார். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா வந்தபோதும் அப்படித்தான் கவிழ்த்தார். ஒரே கையால் திறந்து மூடுகிற மாதிரி ஒரு பை வேண்டும், என் நோயாளிகளை வைத்துச் சேர்ந்தே செய்து பார்ப்போம் என்றார் அந்தம்மா.

"தைக்கத் தெரியாதவங்களோட சேர்ந்து நான் என்னத்தைம்மா தைக்கிறது?" என்று அனுப்பிவைத்தார்.

அந்தம்மா நேரே போனது அவருடைய சகலை கடைக்கு. மனைவியின் தங்கையைக் கட்டியவன், தையல் சுமார்தான். ஆனால் நோயாளிகள் குறை சொல்லச் சொல்ல, பதினோரு தடவை பிரித்துத் தைத்தானாம். கடைசியில் பை வந்தது. மாமனாருக்கு வலது கை விளங்காமல் போய் இரண்டு வருஷம். அவர் இடது கையால் பையைப் படக்கென்று திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சின்ன மாப்பிள்ளை, நீங்க கெட்டிக்காரர்!" என்றார்.

கெட்டித்தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் தைத்தவன் நான், கெட்டிக்காரன் அவனா?

பையை வாங்கித் திருப்பிப் பார்த்தவருக்குக் கண் மின்னியது. வார் சேரும் இடத்தில் ஒற்றைத் தையல்! ஒரு மாசம் தாங்காது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. எதுக்கு? நல்லா படட்டும் என்று விழுங்கிக்கொண்டார். ஆனால் மாமனார் அந்தப் பையோடு படியேறி இறங்குகிறவர். மறுநாள், நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொய் சொல்லிப் பையை எடுத்துப்போய், வாரைச் சதுரமாகச் சுற்றி அடித்து, நடுவில் குறுக்காகவும் இரண்டு ஓட்டு ஓட்டிக் கொடுத்தார். அதன்பிறகு தினமும் மனைவியிடம், "உன் தங்கச்சி வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு என்னங்க திடீர்னு இவ்ளோ அக்கறை?" என்றாள் அவள்.

ஐந்தாவது வாரம் சகலை ஒரு சாக்கு மூட்டையோடு வந்தான். கூடவே டாக்டரம்மாவும் மாமனாரும்.

"அண்ணே, நோயாளிங்களுக்குத் தைச்சுக் கொடுத்த முப்பது பையும் வார் விட்டுப்போச்சு. ஒரு அம்மா நழுவின பையைப் பிடிக்கப் போய்ப் படியில விழுந்து கையில கட்டுப் போட்டிருக்காங்க. மாமா பை மட்டும்தான் நிக்குது. பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு, உங்க தையல். எங்களோட சேர்ந்துக்கங்கண்ணே, பேரும் உங்க பேராவே இருக்கட்டும்."

மனிதர் குளிர்ந்துபோனார். அட்டைகளைக் கவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை. டாக்டரம்மா பையைப் புரட்டியபடியே கேட்டார்.

"இதை எப்ப தைச்சீங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார், பெருமை தாங்காமல்.

"பை வந்த மறுநாளேம்மா! பெரிய மாப்பிள்ளை கண்ணுக்கு எதுவும் தப்பாது."

சகலை சாக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கெட்டித்தையல்காரர் தலை நிமிராமல் சாக்கைத் தன் பக்கம் இழுத்து, முதல் பையைப் பிரிக்க ஆரம்பித்தார்.