பல்லுக்காரியின் கம்ப்யூட்டரில் இடம் பிறந்த கதை

தெருவில் அவளைப் பல்லுக்காரி என்பார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அளவுகளைக் கம்ப்யூட்டரில் திறந்து, உடைந்த பற்களுக்கு மாட்டும் உறைகளை வடிவமைப்பது அவள் வேலை. அடுத்த அறையில் அண்ணன் அவற்றைச் சூளையில் சுட்டு மெருகேற்றுவான்.

ஒருநாள் காலை, ஒரு கடைவாய்ப் பல் பாதியில் நிற்க, திரையில் ‘இடமில்லை’ என்று வந்தது. பழைய கோப்புகளை ஏற்கெனவே வெளி டிரைவுக்கு மாற்றியாயிற்று. நிரம்பி வழிந்தது சிஸ்டம் இருக்கும் டிரைவ்தான். கம்ப்யூட்டரின் மாடலைச் சொல்லிப் பெரியதாக ஒன்று வாங்கி வந்தாள்.

“மெக்கானிக் வரட்டுமே,” என்றான் அண்ணன். “நீ திறந்து, கிணறு வெட்ட பூதம் கிளம்பிடப் போகுது.”

“அவர் வர மூணு நாள் ஆகுமாம்ணா. அதோட, உள்ள என்னதான் இருக்குன்னு எனக்குப் பார்க்கணும்.”

இரண்டாவதுதான் உண்மையான காரணம். கடைக்காரர் ஒரு சின்னக் கூட்டில் வைத்துத் தந்த புது டிரைவை வயரில் இணைத்து, பழையதை அப்படியே அதில் நகலெடுத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றினாள். சுழலும் தட்டு ஏதாவது இருக்கும் என்று நினைத்தவளுக்கு விரல் நீளப் பட்டைதான் கிடைத்தது. அதன் ஓரத்தில் வரிசையாகத் தங்கநிறப் பற்கள்.

“அண்ணா, இதுக்கும் பல்லு இருக்கு!”

“சொத்தையான்னு பாரு,” என்றான் அவன், எழுந்து வராமலே.

வீட்டுத் திருப்புளி எதுவும் பட்டையைப் பிடித்திருந்த குட்டித் திருகில் உட்காரவில்லை. தாடை மாதிரிகளின் திருகுகளை முடுக்க வைத்திருந்த பொடித் திருப்புளி கச்சிதமாக உட்கார்ந்தது. புதியதைக் கூட்டிலிருந்து எடுத்து மாட்டி இயக்கினாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் இடமும் பழைய இடம்தான். நிரம்பிவிட்டது என்று காட்டும் அதே சிவப்புக் கோடு.

“பெரிய வீட்டுக்குக் குடிபோயும் ஒரே ரூம்லதான் குடித்தனமா?” அண்ணன் சிரித்தான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இதென்ன கூத்து என்றுதான் தோன்றியது. டிரைவ் பிரிந்திருக்கும் விதத்தைக் காட்டும் படத்தைத் திறந்தாள். இடப்பக்கம் நிரம்பிய பகுதி, நடுவில் ஒரு சின்னத் துண்டு, அதற்கப்பால் வெற்றிடம். சிஸ்டம் பழுதானால் சரிசெய்வதற்கான துண்டாம் அது. அதுதான் சுவர்போல நின்று, பக்கத்து இடத்தைச் சேரவிடாமல் தடுத்தது. அழித்துவிடலாம்தான். ஆனால் வேலை செய்யும் பல்லை யார் பிடுங்குவார்கள்? பழைய டிரைவ் பத்திரமாக இருக்கிற தைரியத்தில், ஓர் இலவச மென்பொருளால் அதை வரிசையின் கடைசிக்குத் தள்ளினாள். பிறகு இடத்தைச் சேர்த்தாள். நீலப் பட்டை திரை முழுக்க நீண்டது.

கையெல்லாம் வெள்ளைத் தூளோடு அண்ணன் வந்து நின்றான். “எவ்வளவு காட்டுது?”

“தொள்ளாயிரத்து முப்பது ஜிபி.”

“ஆயிரம்னுதானே வாங்கினே? மீதி எழுபதை யார் தின்னா?”

அவளுக்கும் தெரியவில்லை. தேடிப் படித்தாள். “டிரைவ் செய்றவங்க கேபி, எம்பி, ஜிபின்னு ஒவ்வொரு படியையும் ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்களாம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படியையும் ஆயிரத்து இருபத்துநாலா எண்ணுதாம்.”

“அதுல இவ்வளவு வித்தியாசமா வரும்?”

முடி அளவு பிசகினாலும் பல்லைத் திருப்பி அனுப்புகிறவன் அவன். நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசையில் படிந்திருந்த தூளில் விரலால் பெருக்கல் போட ஆரம்பித்தான்.