ரோல்ஸ் பொரித்துப் பூட்டிய இணையம்

டோர்ட்மண்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் வருடத்துக்கொரு ஒன்றுகூடல் வைக்கும். மண்டபத்துக் குசினியில் நின்று ரோல்ஸ் பொரிப்பது நான். அதை விற்றுச் சேர்ந்த காசில் ஊரில் வகுப்புக்கு வகுப்பு இணையம் பூட்டினோம். பூட்டிய அன்றே தங்கச்சி வீடியோவில் காட்டினாள். அவள் அங்கேதான் கணக்கு ரீச்சர். சுவரில் பெரிய திரை, தொட்டால் முக்கோணம் சுழல்கிறது, பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? இங்கே என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வைஃபை ஆசிரியர்களின் அறையோடு சரி. பிள்ளைகளுக்கு மங்கல் போட்டோக்கொப்பி. பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். அன்ட்ராக் போட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை என்றார் வகுப்பாசிரியை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் இந்த நாட்டை வெல்ல ஆளில்லை. ஜெர்மனிப் பள்ளிக்கூடத்தில் இல்லாத ஒன்றும் இருக்குமென்று எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மகளுக்குக் கணக்கில் அஞ்சு. இங்கே ஒன்றுதான் திறம், அஞ்சென்றால் பெயில். பிரெஞ்சு ஏற்கெனவே கையை விட்டுப் போயிருந்தது. கணக்கும் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "உங்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது அம்மா" என்று கொப்பியை மூடிவிட்டாள்.

அப்போதுதான் தங்கச்சி கேட்டாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்தத் திரையை வைத்துப் பின்னேர வகுப்பு எடுக்கிறாளாம், இவளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று. எனக்கு வேறு வழியிருக்கவில்லை. அங்கே பின்னேரம், இங்கே மத்தியானம். மகள் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பை விரித்துக்கொண்டு இருப்பாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள் அதற்குள் பார்த்துச் சிரிப்பாள். வாய்க்கு வாய் சின்னம்மா. எந்தக் கணக்கை எடுத்தாலும், "சின்னம்மா இப்பிடிச் செய்யேல்லையே." பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வருட முடிவில் கணக்குச் சோதனைத் தாள் வந்த அன்று நான் குசினியில் நின்றேன். அடுத்த ஒன்றுகூடலுக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னைத் தாண்டிப் போய் லாப்டொப்பைத் திறந்தாள்.

"சின்னம்மா, மூண்டு! பாஸ்!"

அந்தப் பக்கம் வகுப்பே கத்தியது. சத்தம் அடங்கியதும் தங்கச்சி கேட்டாள். "அம்மாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை, இனித்தான்."

எவ்வளவு தெளிவாகக் கேட்டது தெரியுமா? ஒரு சொல்கூட அறுந்து விழவில்லை. அவ்வளவு நல்ல இணையம் பூட்டியிருந்தோம்.