கழுத்துக்கும் ஷாலுக்கும் நடுவில் ஒரு கத்தி

போன வியாழக்கிழமை காலையில், சோழவந்தான் ரோட்டில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தியை வைத்தேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்களா? வையுங்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ஆனையூரில் ஒரு சின்ன நர்சரி. ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்று... அதுதான் பிழைப்பு. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் அலறுவேன். குக்கர் விசில் அடித்தால் இரண்டடி பின்னால் போவேன். அப்படிப்பட்டவளின் கைப்பையில் கத்தி எப்படி வந்தது?

அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நர்சரி நடத்துகிறவளுக்கு அறுக்காமல் ஒரு நாள் ஓடாது. சாக்கின் சணலை அறுக்க வேண்டும், கன்றின் பிளாஸ்டிக் கவரைக் கிழிக்க வேண்டும், காய்ந்த கிளையைக் கழிக்க வேண்டும். இத்தனை காலமும் ஷேவிங் பிளேடுதான். பேப்பரில் சுற்றிக் கைப்பையில் போட்டிருப்பேன். ஒரு நாள் பஸ்ஸில் சாவியைத் தேடிக் கையை விட்டவள், விரல் முழுக்க ரத்தத்தோடு வெளியே எடுத்தேன். பக்கத்து சீட் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன் – ஒழுங்கான ஒரு மடக்குக் கத்தி வாங்கிவிட வேண்டும்.

துணைக்கு சுலோச்சனாவைக் கூட்டிப் போனேன். பக்கத்துத் தெரு சிநேகிதி. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியே எங்களைப்போல மதுரைத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். பயப்படுகிற விஷயத்தில் எனக்கே அக்கா. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் மேஜையில் பேப்பரை விரித்து மடக்குக் கத்திகளாக எடுத்து வைத்தார்.

முதலில் ஒன்று, பித்தளைப் பிடி. மயில் செதுக்கியிருந்தது. பார்த்ததும் எனக்கு ஆசை. பிரித்தால் நுனி ஊசி மாதிரி.

"இது வேணாம்டி விஜி. பைக்குள்ளயே தொறந்துக்கிட்டா குத்திரும்" என்றாள் சுலோ.

அடுத்தது, பட்டனை அமுக்கினால் 'டக்' என்று பாயும் ரகம். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இருவருமே பின்னால் சாய்ந்துவிட்டோம். கடைக்காரர் சிரித்தார்.

"அக்கா, இது வேணாம். செக்கிங்ல போலீஸ் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாக. நீங்க பழைய மாடலு பாருங்க."

அவர் எடுத்துக் கொடுத்தது மரப்பிடி. கையகலம்தான். அலகின் நுனி கூர் இல்லாமல் மழுங்கி, வாத்து மூக்கு மாதிரி இருந்தது. விளிம்பில் மட்டும் கூர். அலகில் ஒரு சின்னப் பள்ளம் – நகத்தைக் கொடுத்து நெம்பித் திறக்க வேண்டும். அழகா என்றால், இல்லை. ஆனால் உள்ளங்கையில் வைத்ததும் பயம் கொஞ்சம் குறைந்தது. அதனால் வாங்கினேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்தது நானும் இல்லை, கடைக்காரரும் இல்லை. எங்கள் பயம்தான்.

"போலீஸ் புடிச்சா நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றாள் சுலோ, கடைப் படியில் இறங்கும்போதே.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

சோழவந்தானில் ஒருவரிடம் வெற்றிலைக் கொடிக் கன்றுகள் சொல்லி வைத்திருந்தேன். என் ஸ்கூட்டரில் நானும் சுலோவும் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். இரண்டு பக்கமும் வயல், ரோட்டில் அதிகம் வண்டி இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பைக். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்காகப் பச்சை ஷாலைத் தலையிலும் கழுத்திலும் சுற்றியிருந்தாள். ஒரு முனை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். 'ஷால் பறக்குதே' என்று மனதுக்குள் சொல்லியும் கொண்டேன். அடுத்த நொடி அந்த முனை காணவில்லை.

அந்தப் பெண்ணின் தலை யாரோ பிடித்து இழுத்தது போலப் பின்னால் போனது. பைக் ஆட்டம் கண்டு, ரோட்டோரப் புழுதியில் சரிந்தது.

நான் ஸ்கூட்டரை எப்படி நிறுத்தினேன் என்று நினைவில்லை. ஓடினேன். ஷால் பின் சக்கரத்துக்குள் போய், கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் சக்கரத்தை ஒட்டிக் கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. விழுந்தவர்கள் அலறினால் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அலறாமல் இருப்பதுதான் பயம்...

கணவன் எழுந்துவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பதற்றத்தில் பைக்கைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். சக்கரம் உருண்டது. ஷால் இன்னும் இறுகியது.

"தூக்காதப்பா! தூக்காத! இறுகுது!" என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததா தெரியாது. சுலோ போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

கத்தியை எடுத்தேன். பள்ளத்தில் நகத்தைக் கொடுத்தேன். வழுக்கியது. மறுபடி கொடுத்தேன். நகம் ஒடிந்தது, அலகு வரவில்லை. அந்தப் பெண்ணின் கால் மண்ணில் உதைத்துக்கொண்டிருந்தது... பல்லால் கடித்து இழுத்துத்தான் திறந்தேன். உதட்டில் இரும்பு ருசி.

சக்கரத்துக்கும் தலைக்கும் நடுவே விறைத்து நின்ற துணியை முதலில் அறுத்தேன். 'பட்' என்று விட்டது. தலை மண்ணில் சாய்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கழுத்தைச் சுற்றிய சுற்று ஒன்றோடொன்று பின்னி, அப்படியே இறுகியிருந்தது. விரல் நுழைக்கப் பார்த்தேன். இடமில்லை. அவள் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. உதைத்துக்கொண்டிருந்த கால் இப்போது நின்றுவிட்டது.

வேறு வழி? காதுக்குக் கீழே, தோலுக்கும் துணிக்கும் நடுவில், கத்தியைச் சரித்து நுழைத்தேன். கூர் வெளிப்பக்கம், அலகின் முதுகு தோல் பக்கம். மழுங்கிய நுனி மெல்ல மெல்ல உள்ளே போனது. என் கை ஆடியது. ஆடுகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். கழுத்து நரம்பு எங்கே ஓடுகிறது, எனக்கென்ன தெரியும்? செடியின் தண்டுகூடப் பார்த்துத்தான் வெட்டுவேன். ஒரு இம்மி தவறினால்... அந்த யோசனையை முடிக்கப் பயந்துகொண்டு அறுத்தேன்.

அப்போதுதான் அந்தக் கணவன் திரும்பிப் பார்த்தான். என்ன தெரிந்திருக்கும் அவனுக்கு? மண்ணில் பெண்டாட்டி. அவள் கழுத்தில் யாரோ ஒரு பொம்பளை கத்தியோடு.

"ஏய்ய்! என்ன பண்ற! என்ன பண்றடீ எம் பொண்டாட்டிய!"

என் தோளைப் பிடித்து இழுத்தான். கத்தி உள்ளே இருந்தது. அவன் இன்னொரு தடவை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இழுக்கவில்லை. இழுக்க சுலோ விடவில்லை. என் தோள் உயரம்கூட இல்லாத சுலோ, பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனும் சேர்ந்து உட்கார்ந்தான்.

"துணியத்தான்யா அறுக்குறா! துணிய! கைய எடு!" என்றாள். அதன் பிறகு அவள் பாஷையில் என்னென்னவோ சொன்னாள். அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் கை விலகியது.

துணி பிரிந்தது. அந்தப் பெண் மூச்சை இழுத்தாளே ஒரு இழு... துருப்பிடித்த அடிபம்பு மாதிரி ஒரு சத்தம். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அவள் இருமினாள், அழுதாள். நான் அவளைவிட அதிகமாக அழுதேன். காதுக்குக் கீழே மெல்லிய கோடாக ரத்தம் வந்தது. ஷால் அறுத்ததா, நான் அறுத்ததா? அந்த வழியாக வந்த ஒரு வேனை சுலோ நடுரோட்டில் நின்று நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்தார். "இறுக்குனது சரி. இது என்ன, கத்தி பட்ட மாதிரி இருக்கே?"

என் பயத்தின் இரண்டாம் பாகம் அங்கே ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அந்தப் பெண்ணால் பேச முடியாது, தொண்டை வீங்கியிருந்தது. அவள் பெயர் பாண்டிச்செல்வி என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். சாட்சி சொல்ல வேண்டியவன் கணவன் – என்னை 'டீ' போட்டு இழுத்தவன். சுவரோரமாகக் குத்தவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தி யாரோடது?"

"என்னோடதுதான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுக்கும்மா பைக்குள்ள கத்தி?"

"செடி வெட்ட சார். நர்சரி வச்சிருக்கேன்."

அவர் கத்தியை வாங்கி, திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். அலகில் பச்சை நூல் ஒட்டியிருந்தது. சுலோவைப் பார்த்தேன். தெரியாது என்று சொல்லிவிடுவதாகச் சொன்னவள், என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

போலீஸ்காரர் அந்தக் கணவன் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தம்மா உனக்கு யாரு?"

அவன் எழுந்து நின்றான். கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தான்.

"எங்க அக்கா சார்" என்றான். "இவுக இல்லேன்னா எம் பொண்டாட்டி இல்ல சார்."

போலீஸ்காரர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ! நடந்ததை எழுதிக்கொண்டார். கத்தியை மடக்கி என் கையில் கொடுத்தார். "நல்லா மடக்கி வைங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பாண்டிச்செல்வி இப்போது நன்றாக இருக்கிறாள். காதுக்குக் கீழே ஒரு சின்னத் தையல். அது கத்தி பட்டதுதான், டாக்டர் சொல்லிவிட்டார். முந்தாநாள் அவள் போன் செய்தாள். குரல் இன்னும் கரகரப்பு. "அக்கா, அந்தத் தழும்பு எம்புட்டு இருக்குன்னு கண்ணாடில பாத்தேன். கடுகு அம்புட்டுதான் இருக்கு. நீங்க அழுவாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். யார் யாருக்குச் சொல்வது!

தைரியசாலி என்று நாலு பேர் போனில் பாராட்டினார்கள். தயவுசெய்து வேண்டாம். நான் அன்றைக்கு நடுங்கியது மாதிரி என்றைக்கும் நடுங்கியதில்லை. தைரியம் வந்த பிறகு ஒன்றைச் செய்யலாம் என்று காத்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இருந்திருக்காது. பயத்தோடுதான் செய்ய வேண்டியிருக்கிறது. பயம் போகவும் இல்லை. கத்தியை எடுத்தால் இன்னும் கை ஆடுகிறது. அது இல்லாமல் வெளியே போனால் அதைவிட அதிகமாக ஆடுகிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் – வண்டியில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போனால் டீக்கடையில் நிற்பவர், பஸ்ஸில் போகிறவர், எல்லோரும் சேர்ந்து "அண்ணே, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கூப்பாடு போடுவார்கள். ஷாலுக்கு மட்டும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? ஒரு பெண்ணின் துணியைப் பற்றி நடுரோட்டில் எப்படிச் சொல்வது என்ற கூச்சமா? எனக்கும் அன்றைக்கு அந்த ஒரு நொடி கூச்சம் இருந்தது.

இப்போது இல்லை. சிக்னலில், பாலத்தில், எங்கே பார்த்தாலும் "ஏம்மா, ஷாலு! ஷாலைச் சொருகு!" என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சுலோ தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனையூரில் எனக்குக் 'கத்துற அக்கா' என்று பெயரே விழுந்துவிட்டது.

விழட்டும். கத்தி எடுக்க வேண்டி வருவதற்கு முன்னாலேயே கத்திவிடுவது நல்லது, இல்லையா?